9 வருஷம், 28 வருஷம்: ஹார்டு டிஸ்க்குக்குள் இருக்கும் ரெண்டு கண்டுபிடிப்புகளின் கதை



போன எபிசோடுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல ஒண்ணு இது: "லேப்டாப்ல எஸ்எஸ்டி, போன்ல ஃபிளாஷ். ஹார்டு டிஸ்க் கதை முடிஞ்சு போச்சே, அதைப் பத்தி இன்னும் என்ன பேசறது?"

நியாயமான கேள்விதான். ஆனா நீங்க போன்ல எடுக்கிற போட்டோ பேக்கப் ஆகி "கிளவுட்"டுக்குப் போகுதுன்னு சொல்றோமே, அந்தக் கிளவுட்ல பெரிய பங்கு இன்னைக்கும் சுத்திட்டு இருக்கிற தட்டுகள்தான். ஒரு டெராபைட்டுக்கு ஆகிற செலவுல ஃபிளாஷால அதை இன்னும் பிடிக்க முடியல. அதனால டேட்டா சென்டர்கள்ல ஹார்டு டிஸ்க் தினமும் வேலை பார்த்துட்டுத்தான் இருக்கு.

சரி, இன்னைக்குப் பேசப்போறது ரெண்டு கண்டுபிடிப்புகளைப் பத்தி. ரெண்டுமே காந்தத் தன்மை உள்ள மெல்லிய படலங்கள், அதாவது மேக்னடிக் தின் ஃபிலிம் சம்பந்தப்பட்டவை. ரெண்டுமே ஹார்டு டிஸ்க்குக்குள்ள போய்ச் சேர்ந்தது.

முதலாவது 1988-ல் லேபில் கண்டுபிடிக்கப்பட்டு, 1997-ல் கடைக்கு வந்தது. 9 வருஷம். கண்டுபிடிச்ச ரெண்டு பேருக்கும் 2007-ல் நோபல் பரிசு.

இன்னொண்ணு 1977-ல் முன்வைக்கப்பட்டு, 2005-ல் கடைக்கு வந்தது. 28 வருஷம். அதைக் கொண்டுவந்தவர் பேர் நம்மில் பெரும்பாலானவங்களுக்குத் தெரியாது.

ஏன் ஒண்ணுக்கு 9, இன்னொண்ணுக்கு 28? இதுதான் இன்னைய எபிசோட்.

பெயின்ட் ஊத்தின காலம்

முதல்ல கொஞ்சம் பின்னாடி போவோம். 1956, கலிஃபோர்னியாவில் சான் ஹோசே. ஐபிஎம் நிறுவனம் ராமாக் என்ற கம்ப்யூட்டரை அறிவித்தது. அதோடு வந்த சேமிப்புக் கருவிதான் உலகின் முதல் ஹார்டு டிஸ்க். 24 அங்குல விட்டத்தில் 50 அலுமினியத் தட்டுகள், ஒண்ணு மேல ஒண்ணா. எடை ஒரு டன்னுக்கு மேல். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்றைய கணக்கில் 4 எம்பிகூட இல்லை. உங்க போன்ல ஒரே ஒரு போட்டோ அதைத் தாண்டிடும்.

அந்தத் தட்டு மேல காந்தப் பூச்சு எப்படிப் போட்டாங்க தெரியுமா? இரும்பு ஆக்சைடு கலந்த பெயின்ட். அதை ஸ்டாக்கிங் துணியில் வடிகட்டி, காகிதக் கப்பில் எடுத்து, சுத்திட்டு இருக்கிற தட்டின் நடுப்பக்கமா ஊத்துவாங்க. சுழற்சியில பெயின்ட் தானா வெளிப்பக்கம் பரவி ஒரே சீரா படிஞ்சிடும். தோசை ஊத்துற மாதிரிதான், கரண்டிக்குப் பதிலா கல்லே சுத்துது. படிஞ்ச பூச்சின் தடிமன் சுமார் 30 மைக்ரோமீட்டர்.

ஒரு சதுர அங்குலத்தில் 2,000 பிட்டுகள் எழுத முடிஞ்சது. இன்னைக்கு அதே ஒரு சதுர அங்குலத்தில் ஒரு லட்சம் கோடி பிட்டுகளுக்கு மேல் எழுதறாங்க. ஏறக்குறைய 50 கோடி மடங்கு.

பெயின்ட்டை வெச்சு அங்கே போக முடியாது. பெயின்ட்டில் காந்தத் துகள்கள் பசைக்குள்ள அங்கங்கே சிதறிக் கிடக்கும். துகள் பெருசு, படலம் தடிமன். பிட்டைச் சின்னதாக்கணும்னா படலம் மெலிசாகணும், பசை போகணும். அங்கேதான் ஸ்பட்டரிங் வந்தது. வெற்றிட அறைக்குள்ள ஒரு உலோகக் கட்டியை வெச்சு, அதன் மேல் ஆர்கான் அயனிகளை வேகமா மோத விடுவாங்க. மோதுற வேகத்துல உலோக அணுக்கள் பிய்ஞ்சு தெறிச்சு எதிர்ல இருக்கிற தட்டில் படியும். இப்படி கோபால்ட், குரோமியம், பிளாட்டினம் கலந்த உலோகப் படலத்தைச் சில பத்து நானோமீட்டர் தடிமனில் போட முடிஞ்சது. 1980-களில் ஹார்டு டிஸ்க் மெல்ல மெல்ல பெயின்ட்டை விட்டு இதுக்கு மாறுச்சு.

எழுதுறது இப்படி முன்னேறிட்டே போச்சு. ஆனா எழுதினதைப் படிக்கணுமே?

படிக்கிற பிரச்சினை

ஆரம்பத்தில் படிக்கிறதுக்கும் எழுதறதுக்கும் ஒரே கம்பிச்சுருள்தான். எழுதும்போது சுருள்ல கரண்ட் விட்டா காந்தப்புலம் வரும். படிக்கும்போது தட்டில் இருக்கிற காந்தம் சுருளுக்குக் கீழ நகர்ந்தா சுருள்ல சின்னதா ஒரு மின்னழுத்தம் வரும். ஃபாரடே சொன்ன அதே தத்துவம். பிட் சின்னதாக ஆக, அந்த சிக்னலும் சின்னதாகும். ஒரு கட்டத்தில் இரைச்சலுக்குள்ள காணாமப் போயிடும்.

மாற்று வழிக்கான இயற்பியல் ரொம்ப நாளாவே கையில இருந்தது. இரும்பு, நிக்கல் மாதிரி உலோகங்களைக் காந்தப்புலத்தில் வெச்சா அவற்றின் மின்தடை கொஞ்சம் மாறும். இதை வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்டவர், 1857-லேயே வெளியிட்டார். அதை ஹார்டு டிஸ்க்கின் படிக்கும் ஹெட்டாக ஐபிஎம் கொண்டுவந்தது 1990-களின் தொடக்கத்தில். 130 வருஷத்துக்கு மேல! 9, 28-ன்னு ஆரம்பிச்சோம் இல்லையா, இந்த எண்ணையும் ஓரமா வெச்சுக்கோங்க.

ஆனா இந்த விளைவு ரொம்பச் சின்னது. மின்தடை மாறுறதே ஓரிரு சதவீதம்தான்.

1988: ரெண்டு ஊர், ஒரே கண்டுபிடிப்பு

இப்போ ஐரோப்பா. ஜெர்மனியில் யூலிஷ் ஆராய்ச்சி மையத்தில் பீட்டர் க்ரூன்பெர்க். பாரிஸுக்குப் பக்கத்தில் ஓர்சே வளாகத்தில் ஆல்பெர் ஃபெர். ரெண்டு குழுவும் தனித்தனியா ஒரே மாதிரி ஒரு சாண்ட்விச் செஞ்சிட்டு இருந்தாங்க: இரும்பு, நடுவில் குரோமியம், மறுபடி இரும்பு. குரோமியம் சுமார் 1 நானோமீட்டர்தான். அணுக்களை வரிசையா எண்ணிடலாம், அவ்வளவு மெலிசு.

இப்படி வெச்சா ரெண்டு இரும்புப் படலங்களும் தானாகவே எதிரெதிர் திசையில் காந்தமாகி நிக்கும்னு க்ரூன்பெர்க் 1986-லேயே காட்டியிருந்தார். அடுத்த கேள்வி: வெளியிலிருந்து காந்தப்புலம் கொடுத்து ரெண்டையும் ஒரே திசைக்குத் திருப்பினா மின்தடை என்ன ஆகும்?

விழுந்துச்சு. க்ரூன்பெர்க்கின் மூன்று அடுக்குப் படலத்தில், சாதாரண அறை வெப்பநிலையில், சுமார் 1.5 சதவீதம். ஃபெர் குழு அடுக்கு மேல அடுக்கா, 60 ஜோடி வரைக்கும் போட்டிருந்தாங்க. அதை திரவ ஹீலியத்தின் குளிருக்கு, 4.2 கெல்வினுக்குக் கொண்டுபோய் அளந்தப்போ மின்தடை ஏறக்குறைய பாதியாகிடுச்சு. உலோகத்தில் அப்படி ஒரு மாற்றத்தை யாரும் எதிர்பார்க்கல. அதனாலதான் "ஜெயன்ட்" என்ற அடைமொழியோட அதுக்கு ஜிஎம்ஆர்-னு பேர்.

காரணம் எலக்ட்ரானின் ஸ்பின். ஒரு எலக்ட்ரானைக் குட்டிக் காந்தம்னு நினைச்சுக்கோங்க, மேல் அல்லது கீழ். காந்தப் படலத்துக்குள்ள போகும்போது, படலத்தின் திசையோட ஸ்பின் ஒத்துப்போற எலக்ட்ரான் பெருசா முட்டாம போயிடும். ஒத்துப்போகாதது அடிக்கடி முட்டிச் சிதறும். ரெண்டு படலமும் ஒரே திசையில் இருந்தா ஒரு வகை எலக்ட்ரான்களுக்கு வழி முழுசும் கிளியர். எதிரெதிரா இருந்தா ரெண்டு வகையுமே ஏதாவது ஒரு படலத்துல மாட்டிக்கும். அதனால தடை கூடும். எளிமையான விஷயம், ஆனா படலம் நானோமீட்டர் அளவில் இருந்தாத்தான் தெரியும். தடிமனா இருந்தா எலக்ட்ரான் நடுவழியிலேயே பல தடவை முட்டி, எந்தப் படலத்திலிருந்து வந்ததுங்கிறதையே மறந்துடும்.

ஃபெர் குழுவின் பேப்பர் 1988 நவம்பரில் வந்தது. க்ரூன்பெர்க் குழுவுடையது 1989 மார்ச்சில். க்ரூன்பெர்க் இதன் பயன்பாட்டுக்குக் காப்புரிமையும் கேட்டிருந்தார்.

ஆனா இதுல ஹார்டு டிஸ்க்குக்கு ஒத்துவராத விஷயங்கள் நிறைய. ஃபெர் குழுவோட படலத்துல அந்தப் பெரிய மாற்றத்தைப் பார்க்க 2 டெஸ்லா அளவுக்குக் காந்தப்புலம் தேவைப்பட்டது. அது எம்ஆர்ஐ மெஷினுக்குள்ள இருக்கிற புலத்தின் ரேஞ்ச். தட்டில் இருக்கிற ஒரு பிட் தருவது அதில் ஒரு துளிகூட இல்லை. அப்புறம், அந்தப் படலங்களை வளர்த்த முறை மிக மெதுவானது, மிக அதிக வெற்றிடம் வேணும். ஃபேக்டரிக்கு ஆகாது.

இங்கேதான் ஐபிஎம்மின் அல்மாடன் ஆராய்ச்சி மையத்தில் ஸ்டூவர்ட் பார்க்கின் வர்றார். அதே விளைவு ஸ்பட்டரிங் மூலம் போட்ட சாதாரணப் படலத்திலும் வருமான்னு பார்த்தார். வந்துச்சு. உலோகங்களை மாத்தி மாத்தி, தடிமனை மாத்தி மாத்தி வரிசையா படலங்கள் போட்டுப் பார்த்தார். 1990-ல் அவர் குழு வெளியிட்ட முடிவு அழகானது: நடு அடுக்கின் தடிமனைக் கூட்டிட்டே போனா, ரெண்டு காந்தப் படலங்களும் எதிரெதிர், ஒரே திசை, எதிரெதிர், ஒரே திசைன்னு மாறி மாறி நிக்குது. நடு அடுக்காக அவர் சோதிச்சதில் ருதீனியமும் ஒண்ணு. இந்தப் பேரை மறந்துடாதீங்க, திரும்ப வரும்.

1991-ல் அல்மாடன் குழு "ஸ்பின் வால்வ்" என்ற அமைப்பைக் காட்டியது. ரெண்டு காந்தப் படலங்களில் ஒண்ணை அசையாம கட்டிப்போடு. இன்னொண்ணைச் சுதந்திரமா விடு. சுதந்திரமா இருக்கிறது கீழ வர்ற பிட்டுக்கு ஏத்த மாதிரி லேசா திரும்பும். உடனே தடை மாறும். 2 டெஸ்லா தேவையில்லை, சின்னப் புலமே போதும்.

1997 கடைசியில் ஐபிஎம் டெஸ்க்ஸ்டார் 16ஜிபி என்ற டிரைவ், 16.8 கிகாபைட் கொள்ளளவோடு, ஜிஎம்ஆர் ஹெட்டோடு வெளிவந்தது. அதுக்கப்புறம் சில வருஷங்கள் ஹார்டு டிஸ்க்கின் அடர்த்தி வருஷத்துக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கானது. 2001 அக்டோபர்ல வந்த முதல் ஐபாட்ல தோஷிபாவின் 1.8 அங்குல 5 கிகாபைட் டிரைவ். அந்த மாதிரி ஒரு பொருள் சட்டைப் பைக்குள்ள வந்தது இந்தக் காலத்துலதான்.

1977: செண்டாய்

இப்போ ரெண்டாவது கதை. ஜப்பானில் செண்டாய் நகரம், தொகோகு பல்கலைக்கழகம். பேராசிரியர் ஷுனிச்சி இவாசாகி. 1926-ல் பிறந்தவர்.

அவர் கேட்ட கேள்வி அடிப்படையானது. அன்றைய எல்லா டேப்பிலும் டிஸ்க்கிலும் பிட்டுகள் படுத்த வாக்கில் இருந்தன. சட்டக் காந்தங்களைத் தரையில் ஒண்ணு பின்னாடி ஒண்ணா படுக்க வெச்ச மாதிரி. 1-க்கும் 0-க்கும் திசை மாறும் இடத்தில் என்ன ஆகும்? வட முனையும் வட முனையும் நேருக்கு நேர் முட்டும். ஒண்ணை ஒண்ணு தள்ளும். பிட் குட்டையாக ஆக அந்தத் தள்ளுமுள்ளு கூடும். அதாவது அடர்த்தி கூடக் கூட, டேட்டா தன்னைத் தானே அழிக்கப் பார்க்கும்.

காந்தங்களை நிக்க வெச்சா? பக்கத்துப் பக்கத்துல ஒண்ணு மேல் நோக்கி, ஒண்ணு கீழ் நோக்கி. வட முனைக்குப் பக்கத்தில் தென் முனை. இப்போ தள்ளுறதில்ல, ஒண்ணை ஒண்ணு தாங்கிப் பிடிக்கும். அடர்த்தி கூடக் கூட நிலைத்தன்மை கூடும். 1977-ல் இவாசாகியும் அவரோட வேலை பார்த்த நகாமுராவும் இந்த அலசலை வெளியிட்டாங்க. பெர்பெண்டிகுலர் ரெக்கார்டிங், செங்குத்துப் பதிவு.

ஒரு விஷயம் இங்கே சொல்லணும். இதை விளக்கும்போது பலரும் "படுத்தா பத்து பேர், நின்னா நூறு பேர், டவுன் பஸ் மாதிரி" என்று இடம் மிச்சமாகுற கணக்கா சொல்வாங்க. பின்னாளில் ஹிட்டாச்சி இதுக்குப் பாட்டோட ஒரு அனிமேஷனே வெளியிட்டது, அதுவும் இந்த மாதிரிதான் இருக்கும். கேட்க நல்லா இருக்கு, ஆனா இயற்பியல் அதுல இல்லை. லாபம் வர்றது பக்கத்து பிட்டோட சண்டை குறையுறதுல. இன்னொண்ணும் இருக்கு: எழுதுற படலத்துக்கு அடியில் மென்காந்தப் பொருளால் இன்னொரு படலம் வெச்சா, அது எழுதும் ஹெட்டின் காந்தப்புலத்தைக் கீழ இருந்து இழுத்துக்கும். அதனால் இன்னும் பலமான புலத்தோட எழுதலாம். இந்த ரெட்டைப் படலத்தையும் இவாசாகி குழு 1979-லேயே சொல்லியாச்சு. இதுக்கான பொருளும் அவங்ககிட்ட இருந்தது: ஸ்பட்டரிங்கில் போட்ட கோபால்ட்-குரோமியம் படலம். அதன் படிகங்கள் தானாகவே காந்த அச்சு நிமிர்ந்து நிக்கிற மாதிரி வளரும்.

தத்துவம் ரெடி. பொருள் ரெடி. 1980-களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பல லேப்கள் முயற்சி பண்ணுச்சு. ஆனா ஹார்டு டிஸ்க் சந்தை அசையல. 1990-கள்ல ஆர்வமும் வத்திப்போச்சு. ஏன்?

ஏபிஐ மாறினா என்ன ஆகும்

நான் சாஃப்ட்வேர் ஆள், அதனால எனக்கு இது இப்படித்தான் புரியுது.

ஜிஎம்ஆர் ஒரு லைப்ரரி அப்டேட். ஹெட்டுக்குள்ள ஒரு மின்தடை சென்சார் ஏற்கெனவே இருந்தது. அதை எடுத்துட்டு, அதே இடத்துல, அதே மாதிரி ரெண்டு கம்பியோட, இன்னும் கூர்மையான சென்சாரை வெச்சாங்க. தட்டு பெருசா மாற வேண்டியதில்ல. எழுதும் ஹெட் மாற வேண்டியதில்ல. அந்த இடத்தை ஏற்கெனவே உருவாக்கி வெச்சது 1990-களின் தொடக்கத்தில் வந்த அந்தப் பழைய கெல்வின் விளைவு ஹெட்தான். 9 வருஷம்னு நாம கொண்டாடுறதுக்கு முன்னாடி 130 வருஷம் ஒளிஞ்சிருக்குன்னு சொன்னேனே, அது இதுக்காகத்தான்.

செங்குத்துப் பதிவு அப்படி இல்ல. முழு ரீரைட். தட்டு மாறணும், அடியில் புதுப் படலம் வேணும். எழுதும் ஹெட்டின் வடிவம் மாறணும். படிக்கும்போது வர்ற சிக்னலின் வடிவமே வேற, அதனால அதைப் புரிஞ்சுக்கிற எலக்ட்ரானிக்ஸும் மாறணும். எல்லாம் ஒரே நேரத்துல. அதுக்கு மேல, அடியில் வெச்ச மென்காந்தப் படலம் தானே இரைச்சல் போட்டது. இதையெல்லாம் சரி பண்ற வரைக்கும் உங்க போட்டியாளர் பழைய முறையிலேயே வருஷத்துக்கு 60 சதவீதம் முன்னேறிட்டு இருக்கான். எந்த மேனேஜர் சம்மதிப்பார்?

இதுல முரண் என்னன்னா, இவாசாகியின் காத்திருப்பை நீட்டினதுல ஜிஎம்ஆருக்கும் பங்கு உண்டு. படிக்கும் ஹெட் கூர்மையானதால, படுத்த பிட்டுகளையே இன்னும் இன்னும் சின்னதா எழுதிப் படிக்க முடிஞ்சது. பழைய வீடு ஓட்டை உடைசலா இருந்தாலும், நல்ல கண்ணாடி போட்டதால அதுக்குள்ளயே நடமாட முடிஞ்சது.

சுவர்: வெப்பம்

அப்புறம் யாராலும் பேரம் பேச முடியாத ஒண்ணு குறுக்கே வந்தது. வெப்பம்.

ஒரு பிட் என்பது ஒரே காந்தம் இல்லை. அரிசி மணிகள் மாதிரி பல குட்டி கிரெய்ன்கள் சேர்ந்து ஒரே திசையில் நிக்கிறதுதான் ஒரு பிட். ஒவ்வொரு கிரெய்னும் தன் திசையைக் காப்பாத்திக்க ஒரு ஆற்றல் தடுப்பு இருக்கு. அது கிரெய்னின் கன அளவைப் பொறுத்தது. மறுபக்கம், அறை வெப்பம் அதைச் சதா உலுக்கிட்டே இருக்கு. தடுப்பு, உலுக்கல் ரெண்டுக்குமான விகிதம்தான் அந்தப் பிட்டின் ஆயுசு.

தனி கிரெய்னுக்கு நாமே கணக்குப் போடலாம். பாடப்புத்தக ஃபார்முலாதான், ஆரம்ப நேரம் ஒரு நானோ செகண்டுன்னு எடுத்துக்கிட்டா: விகிதம் 40 இருந்தா, அந்த கிரெய்ன் சராசரியா 7 வருஷம் திசை மாறாம இருக்கும். 30-ன்னா 3 மணி நேரம். 25-ன்னா ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. 20-ன்னா அரை செகண்ட்.

40-லிருந்து 20-க்கு வர கிரெய்னை எவ்வளவு சின்னதாக்கணும்? நீளம், அகலம், உயரம் மூணுலயும் 20 சதவீதம் குறைச்சா போதும், கன அளவு பாதியாகிடும். 20 சதவீதம் சின்னது. 7 வருஷம் அரை செகண்டாகிடுச்சு! மெல்ல மெல்ல மோசமாகுற ரகம் இல்ல இது, நேரா பள்ளம். கிரெய்ன்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்காது என்பதால், நடைமுறையில் 60 சுற்றி வெச்சுக்கணும்னு துறையில் ஒரு கணக்கு.

சரி, கெட்டியான காந்தப் பொருளா மாத்தலாமே? மாத்தலாம். ஆனா அப்போ எழுதும் ஹெட்டாலயும் அதைத் திருப்ப முடியாது. கிரெய்ன் சின்னதா வேணும், நிலையா நிக்கணும், எழுதவும் முடியணும். மூணும் சேர்ந்து கிடைக்காது.

1997-ல், அதாவது ஜிஎம்ஆர் கடைக்கு வந்த அதே வருஷம், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி சராப் தன் குழுவோட ஒரு மதிப்பீடு வெளியிட்டார்: படுத்த முறையின் எல்லை சதுர அங்குலத்துக்குச் சுமார் 36 கிகாபிட். துறை அதைத் தாண்டிச்சு, ஆனா மூச்சு வாங்கிட்டுத்தான். 2001-ல் ஐபிஎம் ரெண்டு காந்தப் படலங்களுக்கு நடுவுல மூணே அணு தடிமனில் ருதீனியம் வெச்சு, எதிரெதிரா பிணைச்சு, வெப்பத்தைத் தாங்க வெச்சது. "பிக்ஸி டஸ்ட்", தேவதைத் தூள்னு செல்லப்பேர். மறந்துடாதீங்கன்னு சொன்னேனே, பார்க்கினின் 1990 பேப்பர்ல இருந்த அதே ருதீனியம். ஜிஎம்ஆர் ஆராய்ச்சி பழைய முறைக்கு மறுபடியும் கொஞ்சம் ஆயுசு கொடுத்துச்சு.

ஆனா அதுக்கு முன்னாடியே, 2000-ல், ஹிட்டாச்சி செங்குத்து முறையில் சதுர அங்குலத்துக்கு 52.5 கிகாபிட் காட்டியிருந்தது. இப்போ எல்லாரும் திரும்பி செண்டாய் பக்கம் பார்த்தாங்க.

2005-ல் தோஷிபா 1.8 அங்குல டிரைவை செங்குத்துப் பதிவோடு விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரே தட்டில் 40 கிகாபைட், சதுர அங்குலத்துக்கு 133 கிகாபிட். அடுத்த சில வருஷங்களில் மத்த கம்பெனிகளும் மாறிட்டாங்க. படுத்த பிட்டுகளின் ஐம்பது வருஷ ஆட்சி முடிஞ்சது. 1977-ல் ஐம்பதைத் தொட்டிருந்த இவாசாகிக்கு அப்போ ஏறக்குறைய எண்பது வயசு.

"காலத்துக்கு முந்தினவர்" சரியா?

இவாசாகியைப் பத்தி எழுதறவங்க அவரைக் காலத்துக்கு முந்தின மேதைன்னு சொல்லிடுவாங்க. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அப்படிச் சொன்னா, 28 வருஷம் என்பது உலகம் தூங்கிட்டு இருந்த காலம் மாதிரி ஆகிடுது.

உண்மையில் அந்த 28 வருஷத்துல நிறைய நடந்துச்சு. 2005-ல் வெற்றி பெற்ற டிரைவை 1977-ல் செஞ்சிருக்க முடியாது. செங்குத்தா எழுதின அவ்வளவு சின்ன பிட்டைப் படிக்க, ஜிஎம்ஆர் வழியில் வந்த ஹெட்கள் வேணும். கிரெய்ன்களை நேரா நிமிர்த்தி வளர்க்க, ருதீனியம் அடுக்கு உதவுச்சு. கிரெய்ன்களைப் பிரிச்சு வைக்க ஆக்சைடு கலந்த புது கோபால்ட் படலங்கள் வந்தன. ஒரு கையால இவாசாகியைக் காக்க வெச்ச அதே ஆராய்ச்சி, இன்னொரு கையால அவருக்குத் தேவையான பாகங்களைச் செஞ்சிட்டு இருந்தது.

அதுக்காக, "எல்லாம் தானா நடந்திருக்கும்"னும் சொல்லிட முடியாது. சந்தை ஆர்வம் காட்டாத அத்தனை வருஷமும் யாரோ அந்தப் படலங்களைப் போட்டுட்டு, அளந்துட்டு, மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துட்டு இருக்கணும். லாபக் கணக்கு மட்டும் பார்க்கிற இடத்துல அது நடக்காது. ஒரு ஒப்பீடு சொல்றேன்: ஜிஎம்ஆரை அவ்வளவு வேகமா பொருளாக்கின ஐபிஎம், 2003-க்குள்ள தன் ஹார்டு டிஸ்க் தொழிலையே ஹிட்டாச்சிக்கு வித்துட்டு வெளியே போயிடுச்சு. பொறுமையா காத்திருக்கிறது ஒரு கம்பெனியோட வேலை இல்லை. அதுக்குப் பல்கலைக்கழகம் வேணும், பத்து வருஷத்துக்கு ரிசல்ட் கேட்காத பணம் வேணும். நம்ம ஊர்ல ஒரு ஆராய்ச்சித் திட்டத்துக்கு மூணாவது வருஷமே "என்ன ப்ராடக்ட் வந்துச்சு?"ன்னு கேட்கிறவங்க இந்த 28 என்ற எண்ணை எழுதி ஒட்டி வெச்சுக்கலாம்.

இவாசாகிக்கு 2010-ல் ஜப்பான் பரிசு கிடைச்சது. நோபல் கிடைக்கல. ஜிஎம்ஆர் புதுசா ஒரு இயற்பியல் விளைவு, செங்குத்துப் பதிவு ஒரு பொறியியல் யோசனை. அந்த வித்தியாசம் எனக்குப் புரியுது. ஆனா நம்ம போட்டோ எங்கேயோ ஒரு தட்டில் இன்னைக்கும் அழியாம இருக்குன்னா, அதைப் படிக்கிறது முதல் கதை, அதை நிக்க வெச்சிருக்கிறது ரெண்டாவது கதை.

செங்குத்து முறையும் இப்போ அதே வெப்பச் சுவர்ல முட்டியாச்சு. இந்தத் தடவை பதில்: இரும்பு-பிளாட்டினம். ரொம்பக் கெட்டியான காந்தப் பொருள், சாதாரணமா எழுதவே முடியாது. அதனால எழுதுற அந்தக் கணத்துல மட்டும் லேசரால அந்தப் புள்ளியை 400 டிகிரி செல்சியஸுக்கு மேல சூடாக்கி, திருப்பி, உடனே ஆற விடறாங்க. பல தடவை தள்ளிப்போன இந்தத் தொழில்நுட்பத்தை சீகேட் 2024-ல் 30 டெராபைட் டிரைவ்களோடு அறிவிச்சது. எதிரின்னு நினைச்ச வெப்பத்தையே கூலிக்கு அமர்த்தியாச்சு.

இன்னைக்கு இவ்வளவுதான். அடுத்த எபிசோட்ல, ஹார்டு டிஸ்க்கை உங்க லேப்டாப்பிலிருந்து விரட்டின ஃபிளாஷ் மெமரி. அதைக் கண்டுபிடிச்ச ஃபுஜியோ மசுவோகா படிச்சதும் இதே தொகோகு பல்கலைக்கழகத்துலதான். கேள்விகள் இருந்தா அனுப்புங்க, வழக்கம்போல அடுத்த எபிசோட் அதிலிருந்தே ஆரம்பிக்கும்.